உள்ளே வருதா, வெளியே போகுதா?

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, மாலை மூன்றரை மணி. மறைமலை நகர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில், பிஸ்கட் ஜாடிமேல் ஒரு செல்போன் சாய்ந்து நிற்கிறது. முதல் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில். டீ ஆறுகிறது. லண்டன் ஓவல் மைதானத்தில் காலை பதினொரு மணி, வானம் மூடிக் கிடக்கிறது. இங்கிலாந்து ஜெயிக்க 35 ரன் வேண்டும், கையில் நான்கு விக்கெட். அதில் ஒருவர் தோள்பட்டை இறங்கி இடதுகையைத் தூளியில் கட்டியிருக்கும் கிறிஸ் வோக்ஸ்.

பிரசித் கிருஷ்ணாவின் முதல் இரண்டு பந்தும் பவுண்டரி. கடைக்காரர் பாய்லரைத் திறந்து மூடினார். "முடிஞ்சுது. அடுத்த டீ யாருக்கு?"

"இருங்கண்ணே. இன்னும் மூணு நாலு ஓவர்ல நியூ பால் வருது. எடுத்தா ஜெயிச்சிடலாம்" என்றான் ஓர் இளைஞன்.

பின்னால் நின்ற, ஐம்பதைத் தாண்டிய லேத் பட்டறைக்காரர் ஒருவர் தலையை ஆட்டினார். "எடுக்கவே கூடாதுப்பா. பழைய பாலே இந்த ஆட்டம் ஆடுது. புதுசு எடுத்தா மட்டையில பட்டதும் பறந்து போயிரும். ஒரு பக்கம் எப்படி மெருகு வெச்சிருக்கானுங்க பாரு. அது ரெண்டு நாள் வேலை. அதைப் போய் மாத்துவானா?"

இந்திய அணி புதுப்பந்தை எடுக்கவில்லை. கேப்டன் சுப்மன் கில்லின் கணக்கு என்னவோ, லேத் பட்டறைக்காரரின் கணக்கு எனக்குப் புரிந்தது. பட்டறையில் ஒரு உருளையைக் கடைந்து முடித்ததும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கிரிக்கெட் பந்தும் அவர்களுக்கு அப்படி ஒரு ஜாப்தான். 156 முதல் 163 கிராம் வரை எடை, 22.4 முதல் 22.9 சென்டிமீட்டர் வரை சுற்றளவு, நடுவில் ஒரு தையல். அதன் ஒரு பாதியைப் பளபளவென்று வைத்துக்கொண்டு மறுபாதியைத் தேய விட்டால் காற்றில் திரும்பும் என்று சொன்னால், தொலைக்காட்சிக் கிராஃபிக்ஸ் இல்லாமலே அவர்களுக்கு விளங்கும்.

இத்தனைக்கும் இது ஸ்விங்குக்குப் பேர்போன ஊர் இல்லை. நம்முடையது சுழலுக்கு நேர்ந்துவிட்ட மண். வி.வி.குமார், வெங்கட்ராகவன், டெஸ்ட்டில் 537 விக்கெட்டோடு விடைபெற்ற அஸ்வின், இன்று வாஷிங்டன் சுந்தர் என்று வரிசை நீளம். மொழிகூட அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 'சுழற்பந்து' என்று அழகாக ஒரு சொல் நமக்கு உண்டு. 'வேகப்பந்து' உண்டு. ஆனால் காற்றில் வளைகிற பந்துக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. எண்பதுகளில் சென்னை வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் அது ஸ்விங்தான், இப்போது ரீல்ஸ் பார்க்கும் தலைமுறைக்கும் ஸ்விங்தான். வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தானே நாம் பெயர் வைப்போம்!

பெயர் வைக்காத பிள்ளைமேல்தான் இந்த ஊருக்குப் பிரியம் அதிகம் என்பது என் எண்ணம். சுழலைப் பற்றி நம் ஆட்கள் உரிமையோடு பேசுவார்கள், கோபிப்பார்கள், 'நான் போட்டாலே திரும்பும்' என்பார்கள். ஸ்விங் என்றால் குரல் மாறிவிடும். எப்போதோ வந்துபோன விருந்தாளியை நினைப்பதுபோல, எந்த வருஷம், எந்த முனையிலிருந்து, எந்த ஸ்டம்ப் என்று சொல்வார்கள்.

இதற்கு வசதியாகவே வரலாறு ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. 1972இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் பாப் மாசி, முதல் டெஸ்ட்டிலேயே பந்தை இரு பக்கமும் வளைத்து 137 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். அறிமுக ஆட்டத்தில் அப்படி ஒரு சாதனையை யாரும் தொட முடியாது என்றார்கள். பதினாறு வருஷம் கழித்து, 1988 ஜனவரியில், சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்ட்டில் மேற்கிந்தியர்களைச் சுழற்றி 136 ரன்னுக்கு 16 எடுத்தார். ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் ஸ்விங்கைச் சுழல் முந்தியது, அதுவும் நம் மண்ணில். மாசி ஆறு டெஸ்ட்டோடு காணாமல் போனார். ஸ்விங் அவர் கையை விட்டுப் போய்விட்டது. வரும்போதும் சொல்லாமல் வரும், போகும்போதும் சொல்லாமல் போகும் சரக்கு அது.

ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு டீக்கடையில் கிடைக்கும் முதல் பதில் 'ஈரப்பதம்'. இதை நான் பல வருஷமாக மறுத்து வருகிறேன். ஈரம்தான் காரணம் என்றால், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் இந்தச் சென்னையில் ஒவ்வொரு பந்தும் வாழைப்பழம் மாதிரி வளைய வேண்டுமே! அப்படி வளையக் காணோம். சோதனைக்கூடத்தில் காற்றின் ஈரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தவர்களும் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை. மேகத்தைப் பற்றி வேறொரு ஊகம் இருக்கிறது. வெயில் தரையைச் சுட்டால் அனல் மேலெழும்பி மைதானத்துக் காற்றைக் கலைத்துவிடும், மேகம் மூடினால் காற்று அலுங்காமல் நிற்கும், பந்தைச் சுற்றிய மெல்லிய ஓட்டம் கலையாது என்கிறார்கள். முடிவாகத் தீர்ப்பு வரவில்லை.

அந்த மெல்லிய ஓட்டம்தான் விஷயம். பந்து போகும்போது அதன் தோலை ஒட்டி ஒரு காற்றுப் படலம் ஓடுகிறது. வழுவழுப்பான பக்கத்தில் அது அமைதியாக ஓடி, சீக்கிரம் பந்தை விட்டுப் பிரிந்துவிடும். மறுபக்கத்தில் சாய்த்து வைத்த தையல் அதை இடறிவிடுகிறது. இடறிய காற்று கலங்கி, கலங்கியதாலேயே தோலோடு இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு ஓடும். பிரிகிற இடம் இரு பக்கமும் வேறானதால் பந்து தையல் பார்க்கும் பக்கம் சாயும். நாசாவில் வேலை பார்த்த ரவீந்திர மேத்தா என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி இதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்து, 1983இல் 'நேச்சர்' இதழில் சக ஆய்வாளர்களோடு எழுதினார். மணிக்கு 110 கிலோமீட்டர் சுமாரான வேகத்தில்தான் புதுப்பந்து நன்றாக வளைகிறது என்பது அதில் தெரிந்தது. அதிவேகக்காரர்களைவிட மிதவேகக்காரர்களுக்கு ஏன் ஸ்விங் வாய்க்கிறது என்பதற்கு அது பதில்.

வேகம் மிகவும் கூடினால், அல்லது பந்து ஒரு பக்கம் நன்றாகச் சொரசொரத்துப் போனால், கதை தலைகீழாகிறது. கையில் பார்த்தால் வெளியே போக வேண்டிய பந்து உள்ளே வரும். அதுதான் ரிவர்ஸ். எங்கள் லேத் பட்டறைக்காரர் இதை ஒரே வரியில் முடித்தார்: "மினுக்குற பக்கம் எதுன்னு பேட்ஸ்மேன் கண்டுபிடிச்சா பொழைச்சான். அதுக்குத்தான் வாசிம் அக்ரம் ஓடி வரும்போது கையால பாலை மூடிக்கிட்டு வருவான்."

மெருகைப் பற்றிப் பேசினால் திருட்டு பற்றிப் பேசாமல் தீராது. 2018இல் கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் உப்புத்தாளோடு மாட்டிக்கொண்டபோது இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு வாரம் அதே பேச்சு. "நாங்க உப்புத்தாள் போட்டா சம்பளம், அவன் போட்டா ஒரு வருஷம் சஸ்பென்ஷன்" என்று அப்போது ஒருவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. ஒழுக்கத்துக்கு உதாரணமான ராகுல் திராவிடே 2004இல் பிரிஸ்பேனில், வாயில் கரைந்த இருமல் மிட்டாயைப் பந்தில் தடவியதாக ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதம் கட்டினார். கொரோனா வந்து எச்சிலுக்கே 2020இல் தடை போட்டது ஐ.சி.சி. 2022இல் அதை நிரந்தரமாக்கியது. வியர்வைக்கு மட்டும் அனுமதி. வியர்வைக்குச் சென்னையில் என்ன பஞ்சம்?

ஆனால் உலகப் பட்டியலில் இடம்பிடித்த இத்தகைய வழக்குகளில் ஒன்று நம் சேப்பாக்கத்துச் சொத்து என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1977, பொங்கல் டெஸ்ட். பொங்கல் என்றால் கரும்பு, மாட்டுவண்டி, சேப்பாக்கம் டெஸ்ட் என்று இருந்த காலம். டோனி கிரெய்க் தலைமையில் வந்த இங்கிலாந்து முதல் இரண்டு டெஸ்ட்டையும் ஜெயித்துவிட்டது. அதில் டெல்லியில் அறிமுகமான இடதுகைக்காரர் ஜான் லீவர், முதல் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து மிரட்டியிருந்தார். சென்னையிலும் அதே லீவர், அதே வளைவு. அவருடைய நெற்றியில் வாஸ்லின் தடவிய ஒரு மெல்லிய துணிப்பட்டை ஒட்டியிருந்தது. பாப் வில்லிஸும் ஒட்டியிருந்தார். கண்ணில் வியர்வை வழியாமல் இருக்க அணியின் இயன்முறை மருத்துவர் சொன்ன யோசனை என்றது இங்கிலாந்து. அந்த வாஸ்லின் பந்துக்குப் போகிறது, அதனால்தான் பளபளப்பு என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார் இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி.

இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் 83க்குச் சுருண்டு, 200 ரன்னில் தோற்றது. தொடரும் போனது. லீவர்மேல் தப்பில்லை என்று இங்கிலாந்து வாரியம் சொல்லி முடித்துக்கொண்டது. பேடி அப்போது கவுன்டி கிரிக்கெட்டில் நார்தாம்ப்டன்ஷயருக்கு ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தம் அதே ஆண்டோடு முடிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாத பழைய ரசிகரை நான் பார்த்ததில்லை.

நடந்தது ஏமாற்றா? லீவர் அதற்கு முன்பே டெல்லியில் வளைத்துக் காட்டியவர், துணிப்பட்டையும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நெற்றியில்தான் இருந்தது. திருடன் மணி கட்டிக்கொண்டு வருவானா என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், வாஸ்லின் தடவிய நெற்றியைத் துடைத்த விரல் பந்தைத் தொடாமல் இருந்திருக்கவும் முடியாது. நான் பேடி பக்கம்தான், ஆனால் நூலிழையில்தான்.

அந்தத் தோல்விக்கு மூன்று வருஷம் கழித்து இன்னொரு பொங்கலுக்குப் பதில் கிடைத்தது. 1980 ஜனவரி, பாகிஸ்தான். அந்த மாதம்தான் இருபத்தொரு வயது நிறைந்த கபில்தேவ், ஆட்டத்தில் 11 விக்கெட், அதில் இரண்டாம் இன்னிங்ஸில் 56 ரன்னுக்கு 7, மட்டையால் 84 ரன். அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர்களுக்குச் 'சுழல் ஆடுகளம்' என்ற பேச்சே பிடிக்காது. மதியம் கடற்காற்று ஏறும்போது கபில் எந்த முனையிலிருந்து போட்டார் என்று கேட்டுப் பாருங்கள், மேசைமேல் டம்ளரை வைத்துக் காட்டுவார்கள்.

1999 சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு வந்தால் காயம் இன்னும் ஆறவில்லை. 12 ரன் தோல்வி, சச்சினின் 136, எழுந்து நின்று பாகிஸ்தானை வாழ்த்திய கூட்டம் எல்லாம் ஊரறிந்தது. ஸ்விங் பைத்தியங்கள் அதில் வேறு இரண்டு காட்சிகளைத்தான் பேசுவார்கள். ஒன்று, பாகிஸ்தானின் இரண்டாம் இன்னிங்ஸில் வெங்கடேஷ் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஐந்து விக்கெட்டை அள்ளியது. 33 ரன்னுக்கு 6 என்று முடித்தார். வேகமும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை, பெங்களூரு எழுத்தர் ஒருவர் ஃபைல் நகர்த்துவதுபோல அமைதியாக. மற்றது, நான்காம் நாள் காலை வாசிம் அக்ரம் திராவிடுக்குப் போட்ட பந்து. உள்ளே வருவதுபோல் வந்து, திராவிடின் மட்டை எனும் சுவரைத் தாண்டி, ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. சச்சின் அவுட்டானதற்கு அழுதவர்கள் உண்டு. அந்தப் பந்துக்கு யாரும் அழவில்லை, வாயைப் பிளந்தார்கள்.

பிறகு 2021. இது கொஞ்சம் வினோதமான நினைவு. பிப்ரவரி 9, இங்கிலாந்துடனான முதல் டெஸ்ட்டின் கடைசி நாள். ஆட்டம் நடப்பது சேப்பாக்கத்தில். மறைமலை நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்குமா? மின்சார ரயிலில் கோட்டை வரை போய்ப் பறக்கும் ரயிலுக்கு மாறினால் வாசலில் இறங்கலாம். ஆனால் கொரோனா. கதவு பூட்டியிருந்தது. எனவே சொந்த ஊர் டெஸ்ட்டை லார்ட்ஸ் டெஸ்ட் மாதிரி டிவியில் பார்த்தோம். 38 வயது ஜேம்ஸ் ஆண்டர்சன், இருபத்தைந்து ஓவர் தாண்டிய எஸ்ஜி பந்தோடு வந்தார். அரைசதம் அடித்திருந்த சுப்மன் கில்லின் ஸ்டம்ப் சக்கரம் சுற்றிக்கொண்டு போனது. அதே ஓவரில் ரஹானே எல்பிடபிள்யூ ரிவ்யூவில் 'அம்பயர்ஸ் கால்' புண்ணியத்தில் தப்பினார், தப்பிய சூடு ஆறுவதற்குள் அவருடைய ஸ்டம்பும் போனது. 11 ஓவர், 17 ரன், 3 விக்கெட்.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் அப்படி ஒரு ஓவர். கூட்டம் இருந்திருந்தால் எழுந்து நின்றிருக்கும் என்று சத்தியம் செய்வேன், 1999இல் நின்ற கூட்டம்தானே. அடுத்த டெஸ்ட்டுக்குப் பாதிக் கதவு திறந்தார்கள். அஸ்வின் சதமடித்து எட்டு விக்கெட்டும் எடுத்தார். போனவர்கள் விசிலடித்துத் திரும்பினார்கள். ஆனாலும் டீக்கடையில் இன்றுவரை முதலில் வருவது பார்க்கக் கிடைக்காத அந்த ஆண்டர்சன் ஓவர்தான். காலம் அந்தக் கதையை ஓவலில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டது. அன்று ஸ்டம்பை இழந்த கில் இன்று கேப்டன், ஆடுகிற கோப்பையின் பெயரில் பாதி ஆண்டர்சன்.

நாமே ஏன் அப்படி ஒருவரை உருவாக்கவில்லை என்ற கேள்வியும் வரும். முயலாமல் இல்லை. 1987இல் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்து எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியது சென்னையில்தான். வேகப்பந்துக் கனவோடு வந்த சச்சின் என்ற பையனை மட்டையைப் பிடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிய இடமும் அதுதான். ஸ்ரீநாத், ஜாகீர் கான், இலங்கையின் சமிந்த வாஸ் வரை அங்கே பட்டை தீட்டப்பட்டார்கள். நம் பிள்ளைகளில் டி.ஏ.சேகர் இரண்டு டெஸ்ட் ஆடினார். 2004இல் லட்சுமிபதி பாலாஜி, பாகிஸ்தானில் பந்தையும் புன்னகையையும் சேர்த்து வீசி அந்த ஊர் ரசிகர்களையே தன் பக்கம் இழுத்தார். ராவல்பிண்டி டெஸ்ட்டில் ஏழு விக்கெட். பிறகு காயங்கள். எட்டு டெஸ்ட்டோடு முடிந்தது.

நடராஜன் கதை வேறு தடம். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்து, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி வாங்கியவர். மறைமலை நகரின் காலி மனைகளில் ஞாயிறுதோறும் நடக்கும் ஆட்டங்களைப் பார்த்தால் அந்தத் தடம் புரியும். பாதிப் பந்துக்கு மட்டும் எலக்ட்ரிக்கல் டேப் சுற்றுவான் ஒரு பையன். பேட்ஸ்மேனுக்கு எந்தப் பக்கம் டேப் என்று தெரியக் கூடாதென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடி வருவான். கை மடங்கினால் 'மாங்கா!' என்று கத்துவார்கள். காற்றுச் சுரங்கமும் மேத்தாவும் அவனுக்குத் தெரியாது, டேப் எத்தனை சுற்று என்பது தெரியும். நானும் அந்த வயதில் சுற்றியிருக்கிறேன். என் பந்து வளைந்ததைவிடச் சாக்கடையில் விழுந்ததுதான் அதிகம்.

சரி, ஓவலுக்கு வருவோம். டீ ஆறிவிட்டது.

சிராஜ் வந்தார். ஹைதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன், அவரும் டென்னிஸ் பந்துப் பள்ளிக்கூடம். ஐந்து டெஸ்ட்டிலும் ஓய்வில்லாமல் ஓடியவர். முந்தின நாள் ஹாரி புரூக்கைப் பிடித்துவிட்டு எல்லைக்கயிற்றை மிதித்தவர், அந்தப் பாவத்தையும் சுமந்துகொண்டிருந்தார். ஜேமி ஸ்மித் மட்டையின் ஓரத்தில் பட்டு விக்கெட் கீப்பரிடம். பந்து வெளியே போனது. "பார்த்தியா, வெளிய எடுத்தான்!" ஓவர்டன் எல்பிடபிள்யூ, ரிவ்யூ கேட்டும் தப்பவில்லை. "இப்ப உள்ள!" டங்கின் ஸ்டம்பைப் பிரசித் பெயர்த்தார். ஸ்வெட்டருக்குள் கையை மறைத்தபடி வோக்ஸ் படியிறங்கி வந்தபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கை தட்டினார். அட்கின்சன் ஒரு சிக்ஸர் அடித்தார், எல்லைக்கோட்டில் ஆகாஷ் தீப்பின் கையில் பட்டு அப்பால் விழுந்தது.

இனி ஏழு ரன். இங்கேதான் செல்போன் காலத்து அவஸ்தை. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒவ்வொரு தாமதம். எங்கள் திரையில் சிராஜ் ஓடத் தொடங்கியிருந்தார். பக்கத்துப் பழக்கடையில் அதற்குள் 'ஏய்ய்!' என்று கூச்சல். ஐந்து விநாடி எதிர்காலத்தில் வாழ்கிறவர்கள். நாங்கள் முடிவு தெரிந்தும் தெரியாமலும் திரையைப் பார்த்தோம். 143 கிலோமீட்டர் வேகத்தில் யார்க்கர். அட்கின்சன் மட்டையை வீச, ஆஃப் ஸ்டம்ப் பெயர்ந்தது. ஆறு ரன் வெற்றி. டெஸ்ட் வரலாற்றில் ரன் கணக்கில் இந்தியாவின் மிகக் குறுகிய வெற்றி. சிராஜுக்கு அந்த இன்னிங்ஸில் ஐந்து, ஆட்டத்தில் ஒன்பது. முந்தின நாட்களில் வாஷிங்டன் சுந்தர் பெரும்பாலும் கடைசி விக்கெட்டை வைத்துக்கொண்டு அடித்த 53 இல்லையென்றால் இது எதுவும் இல்லை என்று ஒருவர் நினைவுபடுத்தினார். நியாயம்தான், ஆனால் அந்த நேரத்தில் மட்டையைப் பற்றிக் கேட்க யாருக்கும் காது இல்லை.

"கடைசி பால் உள்ள வந்துச்சு பாத்தீங்களா" என்றான் புதுப்பந்து கேட்ட இளைஞன்.

"எங்க வந்துச்சு? நேரா வந்த பால்டா அது. அவன் கண்ணை மூடிக்கிட்டு சுத்தினான்."

"இல்லண்ணே, கடைசியில லேசா..."

"லேசாவும் இல்ல, பாரமாவும் இல்ல. தையல் ஆடிக்கிட்டே வந்துச்சு. எந்தப் பக்கம் போவும்னு போட்ட சிராஜுக்கே தெரியாது."

ரீப்ளே ஓடியது. மறுபடியும் ஓடியது. தாம்பரம் பக்கம் போகும் ரயில் வருகிற சத்தம் கேட்டதும் நாலைந்து பேர் காசை வைத்துவிட்டு ஓடினார்கள். லேத் பட்டறைக்காரர் போகவில்லை. ஜாடிமேலிருந்த போனைக் கையில் எடுத்து, விரலால் படத்தைப் பெரிதாக்கி, பந்து கையை விட்டு வெளியேறும் இடத்தில் நிறுத்தினார்.

"இப்ப சொல்லு. மினுக்குற பக்கம் எது?"